பனி சாம்பலாக வருகிறதா, நீலமாக வருகிறதா? – அதிகாலைப் பனிப் படங்கள்

நவம்பர் 26, 2023 – ஒரு வாசகரின் கேள்வி

கனடாவின் கால்கரிக்கு வந்து இதுதான் முதல் குளிர்காலம். நேற்று விடிவதற்கு முன்பே மலையூரான பான்ஃப் போய் வெர்மிலியன் ஏரிகள் பக்கம் நிறைய எடுத்தேன். கண்ணுக்கு வெள்ளைவெளேரென்று இருந்த பனி, படத்தில் அழுக்குச் சாம்பலாக இருக்கிறது. சில படங்களில் ஒரே நீலம். லைட்ரூம் மென்பொருளில் வெள்ளையாக்கினால் படம் செத்துப்போகிறது. பேசாமல் பத்து மணிக்கு மேல் போய் நல்ல வெயிலில் எடுத்தால் போதாதா? இருட்டில் எழுந்து ஓடுவதெல்லாம் சும்மா பெருமைக்குத்தான் என்று தோன்றுகிறது.

நவம்பர் 26, இரவு

இரண்டு தனித்தனிச் சிக்கலை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள். சாம்பல் கேமரா செய்வது. நீலம் வானம் செய்வது. சாம்பலைச் சரி செய்தே ஆக வேண்டும். நீலத்தில் கை வைப்பதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும்.

முதலில் சாம்பல். கேமராவுக்குள் இருக்கும், ஒளியை அளக்கும் மீட்டருக்கு நீங்கள் பனியைக் காட்டுகிறீர்களா, கரியைக் காட்டுகிறீர்களா என்று தெரியாது. எதைக் காட்டினாலும், விழும் ஒளியில் ஏறத்தாழ 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் நடுத்தரச் சாம்பலாக அதைக் கொண்டுவரப் பார்க்கும். புதிதாக விழுந்த பனியோ 80 முதல் 90 சதவீதம் வரை திருப்பி அனுப்புகிறது. மீட்டர் சொல்கிறபடி விட்டால் அந்த வெள்ளை இரண்டு ஸ்டாப்புக்குமேல் கீழே இறங்கிவிடும் (ஒரு ஸ்டாப் இறங்கினால் ஒளி பாதியாகும்). நீங்கள் பார்த்த அழுக்குச் சாம்பல் அதுதான். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனைக் கூட்டுங்கள், மீட்டர் சொல்வதைவிட வெளிச்சமாக எடுக்கச் சொல்லும் அமைப்பு அது. படச்சட்டம் முழுக்கப் பனி என்றால் +1.7 ஸ்டாப் வரை போகலாம், பாதி மரமும் பாறையுமாக இருந்தால் +0.7 போதும். எடுத்த கையோடு ஹிஸ்டோகிராமை, அதாவது இருட்டை இடது பக்கமும் வெளிச்சத்தை வலது பக்கமும் காட்டும் வரைபடத்தைப் பாருங்கள், மேடு வலது பக்கம் நிற்க வேண்டும், ஆனால் சுவரில் முட்டி நிற்கக் கூடாது.

நீலத்தைப் பற்றி நாளை எழுதுகிறேன்.

நவம்பர் 27

சரி, நீலம். பனிக்கென்று சொந்த நிறம் கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள், மேலே எது விழுகிறதோ அதை அப்படியே காட்டும். சூரியன் மலைக்குப் பின்னால் இருக்கும்போது பனிமேல் விழுவது திறந்த வானத்தின் ஒளி மட்டுமே. தெளிந்த வானம் நீலம், அதனால் பனியும் நீலம். நம் கண் இதைச் சரிக்கட்டிக்கொண்டு மூளையிடம் 'வெள்ளை' என்று சொல்லிவிடும். கேமரா சொல்லாது. நிழலிலிருக்கும் பனிமேல் விழும் ஒளியின் வண்ண வெப்பநிலை (எண் கூடினால் ஒளி நீலம், குறைந்தால் ஆரஞ்சு) 9000 கெல்வினுக்கு மேலேயும் போகும். அதே நேரத்தில், அடிவானத்தைத் தொட்டுக்கொண்டு வரும் முதல் வெயில் 3000-க்குப் பக்கத்தில் இருக்கும்.

இந்த இரண்டு ஒளியும் ஒரே சட்டத்தில் இருக்கும்போது என்ன செய்வீர்கள்? எந்த ஒளியை வெள்ளையாகக் காட்டுவது என்று முடிவு செய்யும் ஒயிட் பேலன்ஸை நிழல் வெள்ளையாகும்வரை தள்ளினால் வெயில் பட்ட மேடு ஆரஞ்சுச் சோடா நிறத்துக்குப் போய்விடும். வெயில் பட்டதை வெள்ளையாக்கினால் நிழல் பேனா மையாகிவிடும். இரண்டையும் மாஸ்க் போட்டு, அதாவது தனித்தனிப் பகுதியாகப் பிரித்து, வெள்ளையாக்கலாம்தான். அப்போதுதான் நீங்கள் சொன்ன அந்தச் 'செத்த' படம் கிடைக்கும், ஏனென்றால் விடியலை விடியலாகக் காட்டுவதே இந்த இரண்டு நிறமும் அருகருகே இருப்பதுதான்.

நான் கேமராவில் 'டேலைட்' வைத்துவிட்டு, அதாவது 5200-இலிருந்து 5500-க்குள் வைத்துவிட்டு, ரா (RAW) கோப்பாக எடுப்பேன், நிறத்தைப் பிறகு மாற்ற அது இடம் தரும். ஆட்டோ வைத்தால் ஒவ்வொரு படத்துக்கும் கேமரா புதிதாக ஒரு முடிவு எடுக்கும். அப்புறம் வீட்டில் உட்கார்ந்து பார்க்கும்போது அன்று காலை எப்படி இருந்தது என்பதே மறந்துபோகும்.

பத்து மணி வெயிலில் எடுப்பதில் தப்பே இல்லை. இந்த அட்சரேகையில் டிசம்பர் கடைசியில் நண்பகலிலேயே சூரியன் 16 பாகைக்குக் குறைவாகத்தான் ஏறுகிறது. நாள் முழுக்க நிழல் நீளமாகவே கிடக்கும். ஆனால் பத்து மணிக்கு அந்த இரண்டு நிறங்களுக்கிடையிலான இடைவெளி சுருங்கிப்போயிருக்கும். அதைப் பார்க்கத்தான் இருட்டில் கிளம்புகிறோம். பெருமைக்கு என்று எனக்குத் தோன்றவில்லை.

டிசம்பர் 3

இன்று காலை நானும் வெர்மிலியன் போனேன், உங்கள் கேள்வி மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது.

அங்கே குளிர்காலத்தில் எல்லோரும் ரண்டல் மலையை நோக்கி ட்ரைபாடை நட்டுவிட்டு அதன் முகத்தில் வெயில் விழும் என்று காத்திருக்கிறார்கள். இந்த மாதத்தில் சூரியன் தென்கிழக்கில், அந்த மலை இருக்கும் பக்கத்திலிருந்தேதான் வருகிறது. மலையின் உருவம் கருநீலமாக நிற்க, பின்னால் மேகம் இருந்தால் அது சிவக்கும். மேகம் இல்லாவிட்டால் நேராக அதைப் பார்த்து நின்றுகொண்டிருப்பதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

அப்போது திரும்பி மேற்கே பாருங்கள். சூரியன் வருவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பு அடிவானத்தை ஒட்டிச் சாம்பல் நீலத்தில் ஒரு பட்டை தெரியும், அது பூமியின் நிழல். அதன் மேலே வெளிறிய ரோஜா நிறத்தில் இன்னொரு பட்டை. நேரம் போகப் போக நிழல் கீழே இறங்கும், ரோஜா நிறம் மேற்குச் சிகரங்களின் உச்சிமேல் இறங்கும். பள்ளத்தாக்கு இன்னும் நீலத்திலேயே கிடக்கும். நான் பான்ஃப் போவதே பெரும்பாலும் இந்தச் சில நிமிடங்களுக்குத்தான்.

இன்னொன்று, மூன்றாவது ஏரியின் ஓரத்தில் வெதுவெதுப்பான ஊற்று இருக்கிறது, அதனால் அந்த மூலை மட்டும் உறையாமல் இருக்கும். அதிலிருந்து எழும் ஈரம் பக்கத்து வில்லோக் குச்சிகளில் படிந்து இறகு இறகாக உறைபனி வளர்த்திருந்தது. கிட்டப்போய்ப் பார்த்தால் ஒவ்வொரு இறகும் ஒரு நடுநரம்பும் இரண்டு பக்கமும் பல்லுமாக இருக்கிறது, ஊற்றுப் பக்கம் பார்த்த இறகுகள் விரல் அகலத்துக்கு நீண்டிருக்கின்றன, எதிர்ப்பக்கம் வெறும் தூள். பின்னாலிருந்து ஒளி வரும்படி நின்று எடுத்தால் பற்களின் ஓரம் மட்டும் எரியும். மேக்ரோ லென்ஸில் மூச்சை அடக்கிக்கொண்டு எடுக்க வேண்டும், ஒரு மூச்சுப் பட்டாலே நுனி உருகி மழுங்கிவிடுகிறது.

டிசம்பர் 4

மூன்றாவது ஏரி பற்றிப் படித்துவிட்டு ஒருவர் 'அந்தத் திறந்த நீர் வரை பனிக்கட்டி மேலேயே நடந்து போகலாமா' என்று கேட்டிருக்கிறார். வேண்டாம். பொதுவாக, தனியாக நடப்பதற்கு 15 சென்டிமீட்டர் தடிப்பு வேண்டும் என்பார்கள். அது தேங்கிய நீரில், சீராக உறைந்த பனிக்கட்டிக்கு. கீழே ஊற்று இருக்கும் இடத்தில் இங்கே ஒரு தடிப்பும் நாலு எட்டில் வேறு தடிப்பும் இருக்கும், மேலே விழுந்த பனி அதை மூடி மறைத்திருக்கும். கரையிலிருந்து எடுங்கள், தூரத்தை இழுத்துக் காட்டும் 70–200 மி.மீ. லென்ஸ் போதும்.

டிசம்பர் 5

'பனி நீலமாக இருப்பதற்கு வானம் காரணமில்லை, பனிக்கட்டி சிவப்பை உறிஞ்சுவதுதான் காரணம்' என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இரண்டுமே உண்மை, ஆனால் இடம் வேறு. ஆழமான பனியில் ஒரு பனிச்சறுக்குக் கம்பைக் குத்தி எடுத்துவிட்டு அந்தத் துளைக்குள் எட்டிப் பாருங்கள், உள்ளே ஒரு மெல்லிய நீலம் தெரியும். ஒளி பனித்துகளுக்குள் பலமுறை பட்டுத் திரும்பி வருவதற்குள் சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சப்பட்டுவிடுகிறது. பனிப்பாறைகளின் வெடிப்பில் தெரியும் நீலமும் அதுவே. மேகம் மூடிய நாளிலும் அது தெரியும். ஆனால் திறந்த பனிப்பரப்பின் மேல், மரநிழலில், விடியலுக்கு முன்பு தெரிவது வானத்தின் நீலம். மேகம் வந்தால் இது பெரும்பாலும் காணாமல் போய்விடும். எந்த நீலத்தைப் படம் எடுக்கிறோம் என்று தெரிந்தால் எந்த நாளில் போக வேண்டும் என்பதும் தெரியும்.

டிசம்பர் 17

எங்கே பனி? எல் நினோ ஆண்டு, குளிர் குறையும் என்றார்கள், சொன்னபடியே ஆகிவிட்டது. கால்கரியில் புல் பழுப்பாகக் கிடக்கிறது, ஷினூக் காற்று வேறு. புதிதாக வந்தவர்களுக்கு: பசிபிக் பக்கமிருந்து வரும் காற்று ராக்கி மலையில் ஏறும்போது ஈரத்தைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது வறண்டு சூடாகிவிடும். சில மணி நேரத்தில் வெப்பநிலை 15, 20 பாகை எகிறும்.

பனி இல்லையே என்று கேமராவை மூடிவைத்துவிடாதீர்கள். ஷினூக் வரும்போது மேற்கே மலைகளுக்குமேல் மேகம் ஒரு வளைவாக நிற்கும், அதற்குக் கீழே ஒரு கீற்று மட்டும் தெளிந்த வானம். விடியற்காலையில் கிழக்கிலிருந்து வரும் ஒளி அந்த மேகத்தின் அடிவயிற்றில் பட்டால் வானம் முழுக்கச் செம்பு நிறம். நகரத்துக்கு வெளியே ஏதாவது ஒரு மேட்டில் ஏறி நின்றால் போதும்.

பனிதான் வேண்டும் என்றால் உயரத்துக்குப் போக வேண்டும். லேக் லூயிஸைத் தாண்டி ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே. அந்தச் சாலையில் நவம்பர் முதல் மார்ச் இறுதி வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். பெட்ரோல் பங்க், செல்போன் சிக்னல் இரண்டையும் நம்பாதீர்கள். மொரெய்ன் ஏரிச் சாலை குளிர்காலத்தில் மூடியிருக்கும், ஒவ்வோர் ஆண்டும் யாராவது அங்கே போய்த் தடுப்புக் கம்பியைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

டிசம்பர் 25

ஊட்டியிலிருந்து ஒரு வாசகர்: 'எங்களுக்குப் பனிப்பொழிவு கிடையாது, உறைபனிதான். நீங்கள் சொல்வது எங்களுக்கு உதவுமா?'

பாதி உதவும். தலைக்குந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் என்று தாழ்வான இடங்களில்தான் உங்களுக்கு உறைபனி விழுகிறது, ஏனென்றால் மேகமில்லாத இரவில் குளிர்ந்த காற்று கனத்துப்போய்ச் சரிவிலிருந்து பள்ளத்துக்கு வடிந்து தேங்குகிறது. அதனால் வியூ பாயிண்ட் தேடி மேலே ஏறாதீர்கள், கீழே இறங்குங்கள். அடியில் புல்லின் பச்சை தெரிவதால் மீட்டர் பெரிதாக ஏமாறாது, +0.3 அல்லது +0.7 போதும். கேமராவைத் தரையோடு தரையாக வைத்து, சூரியனை எதிரே வைத்து எடுங்கள். உங்களுக்கு இருக்கும் நேரம்தான் குறைவு. வெயில் புல்மேல் பட்டுக் கொஞ்ச நேரத்தில் எல்லாம் தண்ணீர். வெயிலும் நிழலும் சேரும் கோட்டைப் பிடித்துக்கொண்டு, அது நகர நகர நீங்களும் நகருங்கள்.

ஜனவரி 7, 2024

கடைசியில் பனி வந்துவிட்டது.

கேள்வி கேட்ட நண்பர் மறுபடி போய்விட்டு வந்து இரண்டு படம் அனுப்பியிருக்கிறார். சாம்பல் போய்விட்டது, நன்றாக இருக்கிறது. ஆனால் முன்புறம் முழுக்கக் காலடித் தடம். பனியில் சட்டம் தேடுவதை நின்ற இடத்திலிருந்தே கண்ணால் செய்ய வேண்டும், காலால் செய்யக் கூடாது. நான் வண்டியை விட்டு இறங்கியதும் முதலில் எதை எடுக்கப்போகிறேன் என்று முடிவு செய்வேன், பிறகு அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு ஓரமாகப் போவேன். முயலோ, நரி மாதிரியான கயோட்டியோ நடந்த தடம் இருந்தால் அதை விட்டுவைப்பேன், நேர்க்கோட்டில் போகும் அந்தப் புள்ளிகள் படத்துக்கு அளவு சொல்லும்.

நேரத்தைப் பற்றியும் கேட்டிருந்தார். சென்னையில் வளர்ந்தவர்களுக்கு விடியல் என்பது சட்டென்று முடிகிற விஷயம். சூரியன் அடிவானத்துக்குக் கீழே 6 பாகையில் இருப்பதிலிருந்து உதிப்பதுவரை அங்கே இருபது இருபத்தைந்து நிமிடம். இங்கே சூரியன் படுத்த சாய்வில் ஏறுவதால் அதே தூரத்துக்குக் குளிர்காலத்தில் ஏறக்குறைய 40 நிமிடம் பிடிக்கிறது. உதயமே எட்டரை மணிக்கு மேல்தான். கோடையில் விடியலைப் பிடிக்க வேண்டுமானால்தான் நடுராத்திரியில் கிளம்ப வேண்டும். கால்கரியிலிருந்து பான்ஃப் ஒன்றரை மணி நேரம், பனிச்சாலை என்றால் இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு இடத்தில் இருந்தால் நல்லது.

இந்த 40 நிமிடத்தில் எக்ஸ்போஷரை ஒரே இடத்தில் வைத்துவிட்டு நிற்காதீர்கள், ஒளி கூடிக்கொண்டே போகும். முதல் பாதியில் பனியை நான் +1.7 வரை தூக்க மாட்டேன். அந்த நேரத்தில் அது கண்ணுக்கே மங்கலாகத்தான் இருக்கிறது, வெளுப்பாக்கினால் பகல் மாதிரி ஆகிவிடும். +0.7 போதும். இதை முதல் குறிப்போடு சேர்த்துப் படியுங்கள்.

ஜனவரி 14

நேற்று மாலை எங்கள் ஆல்பர்ட்டா மாகாணம் முழுக்க எல்லோருடைய போனும் அலறியது, மின்சாரத்தைக் குறைத்துப் பயன்படுத்துங்கள் என்று அவசரச் செய்தி. வெளியே மைனஸ் 35-ஐத் தாண்டிய குளிர். இந்தக் குளிரில் பான்ஃப் வரை வண்டி ஓட்ட வேண்டாம், வழியில் வண்டி நின்றால் நிலைமை மோசம். நான் நகரத்துக்குள்ளேயே கார்பர்ன் பூங்காவுக்குப் போனேன்.

அங்கே 'போ' (Bow) ஆறு இந்தக் குளிரிலும் முழுதாக உறையவில்லை. மேலே இருக்கும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரும் சேர்வதால் அந்தப் பகுதி திறந்தே கிடக்கும். தண்ணீரிலிருந்து ஆவி எழும்பி, கரையில் இருக்கும் காட்டன்வுட் மரங்கள் அத்தனையும் உச்சி முதல் அடிவரை வெள்ளை. ஆவிக்குள் வாத்துகள் தலை மட்டும் தெரிய மிதந்துகொண்டிருந்தன. உதயத்துக்குப் பிறகு சூரியனின் இரண்டு பக்கமும் 22 பாகை தள்ளி இரண்டு போலிச் சூரியன்கள். காற்றில் மிதக்கும் தட்டை வடிவப் பனிப்படிகங்கள் ஒளியை ஒடிப்பதால் வருவது. மூன்றையும் ஒரே சட்டத்தில் அடக்க 44 பாகைக்குமேல் அகலம் வேண்டும். முழுச்சட்ட (ஃபுல் ஃபிரேம்) கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் இதற்குப் போதாது, 35 மி.மீ. அடக்கிவிடும். நடுச் சூரியனை ஒரு மரத்தின் தண்டுக்குப் பின்னால் மறைத்துவிட்டால் பக்கத்து இரண்டும் நன்றாகத் தெரியும்.

பேட்டரி பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். லித்தியம் அயன் பேட்டரி இந்தக் குளிரில் மடமடவென்று இறங்கும், ஆனால் சார்ஜ் எங்கேயும் ஓடிப்போகவில்லை. உள்ளே நடக்கும் வேதிவினை மந்தமாகிவிடுகிறது, அவ்வளவுதான். 'தீர்ந்துபோன' பேட்டரியைக் கழற்றி உள்ளாடைப் பையில் உடம்போடு ஒட்டி வைத்தால் சூடு ஏறியபின் மறுபடி ஓடும். இரண்டை மாற்றி மாற்றிப் போடுங்கள். படம் எடுத்ததும் ஒவ்வொன்றையும் திரையில் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், அந்தத் திரையும் இந்தக் குளிரில் சோம்பிப்போய்த்தான் வேலை செய்யும்.

மூச்சு வ்யூஃபைண்டரில் பட்டால் உடனே பனியாக உறைந்துவிடும், கழுத்துத் துணியை மூக்குக்குமேல் இழுத்து, மூச்சைக் கீழ்நோக்கி விடுங்கள். லென்ஸில் பனித்தூள் விழுந்தால் வாயால் ஊதக் கூடாது, மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள். அலுமினிய ட்ரைபாடை வெறுங்கையால் தொடவே தொடாதீர்கள்.

ஜனவரி 15

நேற்று எழுதாமல் விட்ட முக்கியமான ஒன்று. வீட்டுக்குள் அல்லது சூடான வண்டிக்குள் நுழைவதற்கு முன், வெளியிலேயே கேமராவை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு மூடிவிடுங்கள். உள்ளே வந்ததும் ஈரம் பையின் வெளிப்பக்கம் படியும், கேமரா தப்பிக்கும். பை முழுதாகச் சூடாகும்வரை திறக்காதீர்கள், ஒன்றிரண்டு மணி நேரம் ஆகலாம். படத்தைப் பார்க்க அவசரம் என்றால் மெமரி கார்டை வெளியிலேயே எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆழமான பனியில் ட்ரைபாட் கால்களை முழுதாக விரித்து அமுக்கினால் பனி அவற்றை வெளிப்பக்கம் நெம்பும், மூட்டு உடையும். கொஞ்சம் சுருக்கி வைத்து, நேராகக் கீழே குத்தி இறக்கிவிட்டுப் பிறகு விரியவிடுங்கள்.

ஜனவரி 21

டொரன்டோ நகரத்து ஸ்கார்பரோவிலிருந்து ஒரு தங்கை: 'உங்களுக்கு மலை இருக்கிறது, சொல்கிறீர்கள். இங்கே தட்டை நிலம். எதை எடுப்பது?'

மலை இருப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது, எல்லோரும் மலையைத்தான் எடுப்போம், பனியை எடுக்க மாட்டோம். உங்களுக்கு ஒன்டாரியோ ஏரி இருக்கிறது. நல்ல குளிர்ந்த காலையில் அந்த உறையாத நீர்ப்பரப்பிலிருந்து ஆவி புகைந்து எழும். ஸ்கார்பரோ பிளஃப்ஸ் தென்கிழக்கே ஏரியைப் பார்த்து நிற்கும் மண்மேடு, குளிர்காலச் சூரியன் வருவது சரியாக அந்தத் திசையிலிருந்துதான். மேட்டு விளிம்புக்குப் போகாதீர்கள், அது சரியும் மண். கீழே கரையிலிருந்து எடுங்கள். ரூஜ் பூங்காவின் வயல் பக்கம் போனால் ஒரு வேலி, ஒரு மரம், மீதியெல்லாம் பனி. தட்டை நிலத்தில்தான் காற்று பனிமேல் போட்ட வரிகள் தெளிவாகத் தெரியும், சூரியன் தாழ்வாக இருக்கும்போது பக்கவாட்டிலிருந்து வரும் ஒளியில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு நீல நிழல் விழும். அந்த நிழல்களுக்கு வேறெந்தத் துணையும் வேண்டாம்.

பிப்ரவரி 4

போனில் எடுப்பவர்களுக்குச் சுருக்கமாக. பனியைத் தொட்டு ஃபோகஸை அழுத்திப் பூட்டுங்கள், பிறகு திரையில் வரும் சூரியச் சின்னத்தை மேலே இழுங்கள். நைட் மோடை நிறுத்திவிடுங்கள், அது நிழலையெல்லாம் தூக்கிவிட்டுக் காலை ஏழரை மணியைப் பன்னிரண்டு மணியாக்கிவிடும். ரா வசதி இருந்தால் அதில் எடுங்கள்.

கேமராக்காரர்களுக்கு ஒரு துணுக்கு. வெறும் ஒளி ஹிஸ்டோகிராமை மட்டும் பார்க்காமல் மூன்று வண்ணத்தையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். நிழலில் கிடக்கும் பனியில் நீலம் முதலில் முட்டும், ரோஜா வெயில் பட்ட சிகரத்தில் சிவப்பு முதலில் முட்டும். பொதுவான ஹிஸ்டோகிராமில் எல்லாம் சரியாகத் தெரியும், ஆனால் சிகரத்தில் சிவப்பு வழிந்துபோய், ரோஜா நிறமெல்லாம் தட்டையாகக் கிடக்கும்.

பிப்ரவரி 18

'நீலத்தைத் தொடாதே என்று சட்டம் மாதிரிச் சொல்கிறீர்களே' என்று ஒருவர் சண்டைக்கு வந்திருக்கிறார். நியாயமான சண்டை. யோசித்துப் பார்த்தேன், அதற்கு ஓர் எல்லை வைக்கத்தான் வேண்டும்.

மேகம் மூடிய காலையில் இரண்டு ஒளி கிடையாது, எல்லாப் பக்கமிருந்தும் ஒரே ஒளி. அப்போது படத்தில் வரும் லேசான நீலத்தை வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் ஒன்றும் இல்லை, வெள்ளையாக்கலாம். சொல்லப்போனால் அந்த மாதிரி நாளில் நான் கறுப்பு வெள்ளைக்கே போய்விடுவேன். அமெரிக்கப் புகைப்படக்காரர்கள் ஏன்சல் ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும் 1940-ஐ ஒட்டி வகுத்த, கறுப்பு முதல் வெள்ளை வரை படிகளாகப் பிரிக்கும் ஸோன் முறையில் இழைநயம் தெரியும் பனியை எட்டாவது ஸோனில் வைப்பார்கள், ஐந்து நடுச்சாம்பல், பத்து வெறும் தாள் வெள்ளை. எட்டுக்கு மேலே போனால் பனியின் மேல்தோல் போய்விடும் என்பது இன்றைய சென்சாருக்கும் பொருந்தும்.

தெளிந்த வானத்திலும் நீலத்தின் அளவு உங்கள் கையில்தான். டேலைட் அமைப்பில் வரும் நீலம் சில நேரம் கண் பார்த்ததைவிட அடர்த்தியாக இருக்கும், நம் கண் சரிக்கட்டிக்கொள்கிறது என்று மேலே சொன்னேன் அல்லவா. நான் 5200-இல் எடுத்ததை வீட்டில் 5800, 6000 வரை கொண்டுபோய் நீலத்தைக் குறைப்பது உண்டு. அதற்குமேல் போனால் வெயில் பட்ட பக்கம் மஞ்சளாகத் தொடங்கும், அதுதான் எனக்கு நிறுத்துக் கோடு. அந்தக் கோட்டை வெயில் பட்ட பக்கத்தைப் பார்த்தே போடுங்கள், நிழலைப் பார்த்துப் போட்டால் கை நிற்காது.

மார்ச் 10

இன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைத்துவிட்டார்கள், உதயம் மறுபடி எட்டு மணிக்குச் சற்று முன்பு. இன்னும் சில வாரம் சுகமாகத் தூங்கிவிட்டுப் போகலாம். மார்ச் பனி பகலில் உருகி இரவில் இறுகுவதால் மேலே ஓடு கட்டியிருக்கும், விடியற்காலையில் அதன்மேல் கால் புதையாமல் நடக்கலாம். அந்த ஓட்டில் தாழ்ந்த வெயில் கண்ணாடி மாதிரித் தெறிக்கும், தெறிப்பைக் குறைக்கும் போலரைசர் வடிகட்டியைப் போட்டு முழுக்கத் திருகினால் அந்தத் தெறிப்பும் போய்விடும், பாதியில் நிறுத்துங்கள்.

கேள்வி கேட்ட நண்பர் தன் ஏரிப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போடப்போகிறாராம். ஒரு எச்சரிக்கை. போன ஆண்டு என்னுடைய விடியல் படம் ஒன்றைப் பிரிண்ட் போடக் கொடுத்தேன். கடையில் தானியங்கி நிறத்திருத்தம் போட்டு நீலத்தையெல்லாம் துடைத்துவிட்டு, மதிய வெயிலில் எடுத்த மாதிரி வெள்ளையாகக் கொடுத்தார்கள். கேட்டால் 'கலர் காஸ்ட் (வேண்டாத நிறச் சாயல்) இருந்தது, சரி செய்துவிட்டோம்' என்று பதில். எனக்கு அன்று முழுக்க மனசே சரியில்லை. அதனால் திருத்தம் எதுவும் வேண்டாம் என்று எழுத்திலேயே கொடுங்கள். மேட் தாள் கேளுங்கள், பளபளப்புத் தாளில் எதிரே இருக்கும் ஜன்னல்தான் தெரியும். வெயில் தெறிக்கும் புள்ளிகளைத் தவிர வேறெங்கும் வெறும் தாள் வெள்ளை இல்லாமல், மிக வெளிச்சமான பனியையும் முழு வெள்ளைக்கான 255-க்குக் கீழே, 240 பக்கம் நிறுத்திவைத்துக் கொடுங்கள். முதலில் சின்ன அளவில் ஒன்று போட்டு, மாட்டப்போகும் சுவரிலேயே பகலிலும் விளக்கிலும் வைத்துப் பார்த்துவிட்டுப் பெரியதற்குச் சொல்லுங்கள். மஞ்சள் விளக்கில் நிழல் நீலம் கொஞ்சம் மங்கும், அதற்காக மறுபடி உட்கார்ந்து நீலத்தைக் கூட்ட வேண்டாம், விளக்கை மாற்றுவது சுலபம்.